அது கமரா அல்ல, திருசியமானி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் விஞ்ஞானப் பக்கத்தில், "ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியில் பூட்டப்பட்ட ஸ்பெக்ட்ரோமீட்டர் எனும் சக்திவாய்ந்த கமரா, தொலைதூரக் கோளொன்றின் காபனீரொட்சைட்டைப் படம்பிடித்தது" என்றொரு வாக்கியம். கூடவே போட்டிருந்த படமோ கரீனா நெபுலா. அதை எடுத்தது அதே தொலைகாட்டியின் நியர்காம். அதுதான் ஐயா கமரா. ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும் திருசியமானி.

தாங்கள் அறியாததல்ல. சுமார் 700 ஒளியாண்டு தூரத்திலுள்ள வாஸ்ப் 39பி கோள், தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகையில் நூற்றுக்கு 2.1 பங்கு ஒளியை மறைக்கிறது. 4.3 மைக்ரோமீற்றர் அலைநீளத்தை ஒட்டி மட்டும் அது 2.3 அளவுக்கு ஏறுகிறது. கோளின் வளிமண்டலத்து காபனீரொட்சைட்டு அந்த ஒளியை விழுங்குவதே காரணம். நியர்ஸ்பெக் என்ற அத்திருசியமானி செய்ததெல்லாம் ஒளியை அரியத்தால் பிரித்து அளந்ததுதான். கோள் தனியாகத் தெரியவேயில்லை.

வேண்டிய பொருளின் ஒளியை மட்டும் உள்ளே விடும் அக்கருவியின் நுண்கதவுகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம், ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீற்றர் அகலம், 0.2 நீளம். சில திறக்காது, சில மூடாது. மின்கசிவு ஏற்பட்ட கதவோ சூடேறி அகச்சிவப்பில் ஒளிர்ந்து பதிவையே கெடுக்கும். எழுத விஷயமா இல்லை?

2019 டிசம்பர் கிரகணத்தை எக்ஸ்ரே படலத்தினூடாகப் பார்க்கலாம் என்று, கண்ணுக்கு ஆபத்தான தவறை அச்சிட்டபோதும் எழுதினேன், பதிலில்லை. தூர அளவான ஒளியாண்டைக் கால அளவாக்கியபோதும் எழுதினேன். சுருக்கி வெளியிட்டீர்கள், பிழையைச் சொன்ன வரியை மட்டும் விட்டுவிட்டு.

மலையகத்துக்குச் சம்பளச் செய்தியும் திருவிழாப் படமும் போதுமென்று நினைப்போ? இங்கும் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறார்கள். பாடசாலைத் திருசியமானியில் முதலில் பார்வைத்துண்டை நகர்த்திக் குறுக்குக்கம்பிகளைத் தெளிவாக்க வேண்டும். அடுத்து தொலைகாட்டியை வெகுதூரப் பொருளொன்றுக்குக் குவிக்க வேண்டும். அப்புறம்தான் கதிர்களைச் சமாந்தரமாக்கும் நேர்வரிசையாக்கி, பிளவு, அரியமேசையின் மூன்று திருகுகள். மூடுபனியில் எதிர்மலைத் தொழிற்சாலைக் கூரை தெரியவில்லையென்று முற்றத்துச் சவுக்கு மரத்துக்குக் குவித்தால் கதிர்கள் சமாந்தரமாகா, வாசிப்பெல்லாம் பிழை. வெளிச்சம் போதாதென்று பிளவை அகட்டினால், நெருக்கமான கோடுகள் கொண்ட நெய்யரியில் தனித்தனியே தெரிந்த சோடியத்தின் 589.0, 589.6 நானோமீற்றர் மஞ்சள் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். இத்தனையும் பழகிய பிள்ளை, உங்களை நம்பிப் பரீட்சையில் "கமரா" என்று எழுதினால் புள்ளியை யார் கொடுப்பது?

வரும் இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். பாடநூலில் உள்ளபடி "திருசியமானி" என்றே அச்சிடுங்கள். இக்கடிதத்தையும் சுருக்குவதானால், அந்த 4.3 இல் உள்ள புள்ளியையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியர்,
ஹட்டன்.