தாமதம் ஏன் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கட்டடத்தைப் பாராட்டி எழுதியதெல்லாம் சரிதான். முன்பதிவு செய்துகொண்டவர்கள் வரிசையில் நிற்காமல் வெளியே வர விரைவு இமிகிரேஷன் வாயிலும் 2025இல் வந்துவிட்டது. ஆனால் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் படும் பாடு இறங்குகிற இடத்தில் இல்லை. ஏறுகிற இடத்திலும், வழியில் விமானம் மாறுகிற இடத்திலும்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். சவூதியில் பல வருடம் வேலை பார்த்தவன். கடைசியாக ஊர் திரும்பியபோது, இரவு பதினோரு மணிக்குப் புறப்பட வேண்டிய மும்பை விமானம் காலை ஏழு மணிக்கு மேல்தான் கிளம்பியது. அது ஓர் இந்திய நிறுவனத்தின் விமானம். இரவு முழுவதும் அறிவிப்பு அரபியிலும் ஆங்கிலத்திலும் வந்தது, நடுநடுவே இந்தியில் வந்தது. கேட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள்.

எனக்குப் பக்கத்தில் முதுகுளத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். அன்று மதியம் அவருடைய அப்பா தவறிவிட்டார். கம்பெனியில் கெஞ்சி லீவு வாங்கி, கிடைத்த டிக்கெட்டில் வந்திருந்தார். ஊரில் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, மூத்த மகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். தூணில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன் அரை மணிக்கு ஒரு தரம் அடிக்கும். சித்தப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "எத்தன மணிக்கு வந்து சேருவப்பா? வச்சிருக்கவா, எடுத்துரவா?" தம்பி எழுந்து கவுண்டருக்குப் போவார். அங்கிருந்த பெண் "வெயிட் சார், அப்டேட் வரும்" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. விடியும்வரை இப்படியே போனது. மும்பையில் இறங்கி பெல்ட்டில் பெட்டிக்காக நின்றபோது, மதுரை விமானம் போய்விட்டது என்று தெரிந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் எடுத்துவிட்டார்கள்.

எந்திரம் பழுதாகலாம், வானிலை மோசமாகலாம். அதற்காக யாரையும் நான் நிந்திக்கவில்லை. ஆனால் காலைக்கு முன் கிளம்பாது என்று நள்ளிரவிலேயே சொல்லியிருந்தால், தம்பி வேறு வழியில் டிக்கெட் தேடியிருப்பார். இல்லையென்றால் தன் வாயாலேயே "எடுத்துருங்க சித்தப்பா" என்று சொல்லியிருப்பார். அந்த முடிவை எடுக்கும் உரிமையாவது அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

சட்டம் இதற்கு இல்லாமல் இல்லை. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) தெளிவாக விதி போட்டிருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல், ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். வளைகுடாவிலிருந்து இந்தியா வரும் விமானங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் வரும். இரவு எட்டு மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க இடமும் தர வேண்டும். எங்கள் விமானங்கள் பலவும் அந்த நேரத்தில்தான் புறப்படுகின்றன. ஆனாலும் அன்றிரவு எங்களுக்குக் கிடைத்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு கேக் துண்டும். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஃபைனல் எக்ஸிட்டில் வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். இமிகிரேஷனில் முத்திரை குத்திவிட்டால் மறுபடி வெளியே போய் ஹோட்டலில் தங்குவது லேசில் நடக்காது. அவர்களுக்கு உள்ளேயே படுக்க ஓர் இடம், ஒரு போர்வை வேண்டும்.

விதியில் விலக்கும் உண்டு. புயல், போர், வான்வெளி மூடல் என்று நிறுவனத்தின் கையை மீறிய காரணம் இருந்தால், அதன் பொறுப்பு குறைந்துவிடும். 2024 ஏப்ரலில் துபாயில் பெய்த பெருமழையும், 2025 ஜூனில் கத்தார் தன் வான்வெளியை மூடியதும் அப்படிப்பட்டவை. ஆகவே காரணம் என்ன என்பதை வைத்துத்தான் பயணிக்கு என்ன கிடைக்கும் என்பதே முடிவாகிறது. அந்தக் காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். ஊருக்கு வந்து, விமானப் பயணிகளுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் ஏர்சேவா இணையதளத்தில் புகார் செய்யப் போனால், கையில் காட்ட ஒன்றுமில்லை. 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. அதன்படி சர்வதேசப் பயணத்தில் தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பு. நஷ்டத்தைத் தவிர்க்கச் செய்ய வேண்டிய முயற்சிகளையெல்லாம் செய்தோம் என்று நிறுவனம் காட்டினால்தான் தப்ப முடியும். காரணமே தெரியாதவன் எதை வைத்து வழக்காடுவான்?

2024 ஜனவரியில் வடக்கே பனிமூட்டத்தில் விமானங்கள் முடங்கியபோது, தாமத விவரத்தைப் பயணிகளுக்கு எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று டிஜிசிஏ உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் எங்கள் டிக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் ஏஜெண்டின் போன் நம்பர். செய்தி அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். டிக்கெட் போடும்போது பயணியின் நம்பர்தான் இருக்க வேண்டும் என்று விமான நிறுவனங்கள் கட்டாயப்படுத்தினாலே பாதிச் சிரமம் குறையும்.

ஏஜெண்டுகள் செய்யும் இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். சவூதியிலிருந்து மும்பைக்கு ஒரு டிக்கெட், மும்பையிலிருந்து மதுரைக்குத் தனியாக ஒரு டிக்கெட், நடுவில் இரண்டு மணி நேரம். விலை குறைவு என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி பிஎன்ஆர் என்றால் போனது போனதுதான், புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தத் தம்பியின் டிக்கெட் அப்படித்தான் இருந்தது. மும்பையில் இறங்கியதும் இமிகிரேஷன், பெட்டி எடுப்பது, கஸ்டம்ஸ், மறுபடி பெட்டியை ஒப்படைப்பது, மறுபடி பாதுகாப்புச் சோதனை. சரியான நேரத்துக்கு வந்து இறங்கினாலும் இதற்கு இரண்டு மணி நேரம் எப்படிப் போதும்?

பாதுகாப்புச் சோதனையைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. 2006இல் லண்டன் சதி பிடிபட்ட பிறகுதான் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. சரக்கு அறையில் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைக்கப் போக முடியாது. இந்தக் காரணங்களைச் சொன்னால் எங்கள் ஆட்கள் ஒருவர்கூட மறுக்க மாட்டார்கள். சொல்லத்தான் ஆளில்லை. அன்றும் ஒரு பெரியவரின் அட்டைப்பெட்டியை ஓரமாக இழுத்துப் போட்டு, சுற்றியிருந்த டேப்பைக் கத்தியால் கிழித்தார்கள். போர்வை, நிடோ டின், பேரப்பிள்ளைக்கு வாங்கிய சட்டை, கோடாலித் தைலம் எல்லாம் வெளியே வந்தன. அடியில் பவர் பேங்க். அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பக் கட்ட டேப் கேட்டால் தெரியாது என்றார்கள். அவர் தன் லுங்கியைக் கிழித்துக் கட்டினார். இந்தத் தகவல் டிக்கெட்டோடு தமிழில் ஒரு குரல் செய்தியாக வந்திருந்தால் போதும், பெட்டியைத் திறக்க வேண்டியே வந்திருக்காது.

தமிழில் பேசுவது பெரிய சலுகை அல்ல. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட கனிமொழி எம்.பி.யிடம் "நீங்கள் இந்தியரா" என்று பாதுகாப்பு வீரர் ஒருவர் கேட்டதாக அவரே சொன்னார். அதன் மேல் விசாரணைக்கும் உத்தரவிடப்பட்டது. எம்.பி.க்கு ஒன்று என்றால் விசாரணை வருகிறது. டேப் கேட்ட பெரியவருக்கு யார் வருவார்கள்?

எனவே தமிழக எம்.பி.க்களும், மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் டிஜிசிஏவிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். தமிழகத்துக்கு வரும் பயணிகள் உள்ள விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காரணம், புதிய நேரம், பயணிக்கு உரியது என்ன என்ற மூன்றையும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளாகக் கையில் கொடுக்க வேண்டும். நிரப்ப வேண்டியது காரணமும் நேரமும்தான், மற்றதை முன்கூட்டியே அச்சடித்து வைக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக் காலத்துக்கு முன்பாக, உணவு, தங்குமிடம், ஒரே பிஎன்ஆர், பவர் பேங்க் பற்றிய விதிகளைத் தங்கள் இதழில் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். அதைப் படமெடுத்து வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பரமக்குடி.