ஞாயிறு இரவு 8 மணி: டாக்டர் சால் ஹெர்ட்ஸ் பற்றிப் பேசுவோம்

வணக்கம். இந்த வாரக் குழு அழைப்பு, தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சையைத் தொடங்கிவைத்த மருத்துவர் ஹெர்ட்ஸுக்காக.

1936 நவம்பர், பாஸ்டனில் ஒரு மதிய உணவுக் கூட்டம். இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் பேசி முடித்ததும் 31 வயது ஹெர்ட்ஸ் கேட்டார்: அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா? கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை இழுத்துக்கொள்ளும் என்பதுதான் அந்தக் கேள்வியின் வேர். முதலில் கிடைத்த கதிரியக்க வகையான அயோடின்-128 சுமார் 25 நிமிடத்தில் சிதைந்து பாதியாகிவிடும். அந்த அவசரத்தில்தான் முயல்களிடம் சோதித்தார்கள். 1941 மார்ச்சில், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்த முதல் நோயாளிக்கு ஹெர்ட்ஸ் கதிரியக்க அயோடினைச் சிகிச்சையாகக் கொடுத்தார். அப்புறம் புற்றுநோய்ப் பக்கம் திரும்பினார். 1950இல், 45 வயதிலேயே போய்விட்டார். நினைத்தாலே மனசு கனக்கிறது.

தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் எடுத்தவர்கள் நம் குழுவிலும் இருக்கிறீர்கள். விருப்பமிருந்தால், கதிர்வீச்சு மற்றவர்கள் மேல் படாமலிருக்கத் தனியறையில் இருந்த அந்த நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறோம். அழைப்பில் சேர்வதற்கான இணைப்பு சனிக்கிழமை வரும்.