சபாநாயகர் கையொப்பம் வைத்த பிறகும் சட்டத்தைக் கேள்வி கேட்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய அரசியலமைப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. நிறைவேற்று ஜனாதிபதி முறை, மாகாண சபை அதிகாரம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், சரி, அவையும் பேச வேண்டியவைதான். ஆனால் இப்போதுள்ள அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை பற்றி யாரும் மூச்சு விடுவதாகத் தெரியவில்லை. சட்டமூலம் ஒன்றில் சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டால், அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் விசாரிக்கக் கூடாது என்கிறது அது.

ஜனாதிபதி செய்வதைக் கேட்கலாம். 2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது சம்பந்தன் உட்படப் பலர் வழக்குப் போட்டார்கள், அது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். அப்படி நாட்டின் தலைவருடைய உத்தரவையே தூக்கி எறியக்கூடிய உயர் நீதிமன்றத்துக்கு, பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்ட ஒரு சட்டத்தைத் தொட அதிகாரம் இல்லை.

நிறைவேற முன்னரே மனுப் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் கிடைப்பது நாட்கணக்கான அவகாசம்தான். அதற்குள் வர்த்தமானியைத் தேடி வாசித்து, எந்தப் பிரிவு தன்னைப் பாதிக்கும் என்று விளங்கி, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியையும் பிடிக்கக் கிளிநொச்சியில் வயல் செய்கிற ஒருவரால் முடியுமா? முடிந்தாலும், ஒரு சட்டம் யார் தலையில் எப்படி விழும் என்பது அது நடைமுறைக்கு வந்து சில வருடம் போன பிறகுதான் தெரிகிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுங்கள். 1979இல் அவசர சட்டமூலமாக வந்தது, அதாவது ஒரு நாளில், கூடினால் மூன்று நாளில் உயர் நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தையும் நிறைவேற்றலாம்; அப்படித்தான் நிறைவேற்றப் போகிறோம் என்று அமைச்சரவை முதலே சொல்லிவிட்டதால், சர்வசன வாக்கெடுப்புத் தேவையா என்பதை மட்டும் நீதியரசர்கள் பார்த்துத் தேவையில்லை என்றார்கள். மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அப்புறம் நடந்தது வடக்கு கிழக்கில் எல்லாருக்கும் தெரியும். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தையே வைத்துத் தண்டிக்கலாம் என்ற பிரிவால் எத்தனை பிள்ளைகள் வருடக்கணக்காக உள்ளே இருந்தார்கள்! ஒருவருடைய கைது சட்டப்படி நடந்ததா, வாக்குமூலம் அடித்து வாங்கப்பட்டதா என்று நீதிபதி பார்க்கலாம். அப்படி ஒரு பிரிவே இருக்கலாமா என்று கேட்க அவருக்கு வழியில்லை.

இது பழைய கதை என்று நினைப்பவர்கள் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பார்க்கட்டும். சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றுவதானால் இன்னின்ன திருத்தம் செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவற்றில் சில சேர்க்கப்படவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவே சுட்டிக்காட்டியது. சபாநாயகரோ கையொப்பம் வைத்துவிட்டார். அதை எதிர்த்து வந்த மனு முழு விசாரணைக்கே போகவில்லை. நீதிமன்றம் சொன்னதைப் பாராளுமன்றம் செய்ததா என்று அதே நீதிமன்றம் திரும்பிப் பார்க்க முடியாதென்றால் அந்தத் தீர்மானத்துக்கு என்ன பெறுமதி?

இந்த நாட்டில் எப்போதும் இப்படி இருக்கவில்லை. கேகாலை கச்சேரியில் (மாவட்ட அரச செயலகத்தில்) இலிகிதராக இருந்த கோடீஸ்வரன் சிங்களப் பரீட்சையில் தேறவில்லை என்று 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் பேசாமல் இருக்கவில்லை, வழக்குப் போட்டார். அப்போதிருந்த சோல்பரி அரசியலமைப்பில் ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாரபட்சமான சட்டத்தைத் தடுத்த 29ஆம் பிரிவுக்கு முரணாக இருப்பதால், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் செல்லாது என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார், யோசித்துப் பாருங்கள், ஒரு மாவட்ட நீதிபதி! உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போட முடியாது என்று சொல்லி அதைப் புரட்டியது. 1969இல், அப்போது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், போடலாம், சட்டம் செல்லுமா என்பதை நீங்களே விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1972 அரசியலமைப்பு வந்தது, நிறைவேறிய சட்டத்தைக் கேட்கிற அதிகாரத்தைப் பறித்தது, 1978இலும் அது திரும்பி வரவில்லை.

மக்கள் தெரிவு செய்த பாராளுமன்றத்தை, தெரிவாகாத நீதிபதிகள் மேவலாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பான்மையின் கை உயர்ந்தால் போதும் என்பதால் இந்த நாட்டில் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பட்டது போதாதா? சட்டத்தைத் திடீரென்று நீக்கினால் குழப்பம் வரும் என்று பயந்தால் அதற்கும் வழி இருக்கிறது. தென்னாபிரிக்காவில் ஒரு சட்டம் செல்லாது என்று கண்டாலும், பாராளுமன்றம் அதைத் திருத்திக்கொள்ளட்டும் என்று தீர்ப்பை ஒரு காலத்துக்கு நிறுத்திவைக்க நீதிமன்றத்தால் முடியும்.

வடக்கு கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதை ஒரே குரலில் கேட்க வேண்டும். 80(3) போக வேண்டும். அதோடு, இந்த அரசியலமைப்புக்கு முந்திய பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிற 16ஆம் உறுப்புரையும் போக வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு வந்தால் ஒத்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாழ்ப்பாணம்