இரு துருவங்களின் பாக்டீரியாவும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். துருவப் பனி உருகுவதைப் பற்றிய செய்திகளில் பனிக்கரடியும் பென்குயினும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றைவிடப் பல கோடி மடங்கு மிகுதியாக அதே கடல்களில் வாழும் பாக்டீரியாவைப் பற்றிய பேச்சு, 'குளிரைத் தாங்கும் நுண்ணுயிர்கள் அங்கே இருக்கின்றன' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. நுண்ணுயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தக் குறை என்னை நெடுநாளாக வருத்துகிறது.

நுண்ணுயிர்கள் எல்லாம் எங்கும் உண்டு, எது பெருகும் என்பதைச் சூழலே தீர்மானிக்கிறது என்று 1934இல் டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் எழுதினார். இக்கருத்தைச் சோதிக்கத் துருவங்களைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏனெனில் குளிர், உறைபனி, மாதக்கணக்கில் நீளும் இரவு ஆகியவை இரண்டுக்கும் பொது, இடையிலோ வெப்பமண்டலக் கடல் முழுவதும் கிடக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஒப்பாய்வில், மரபணு வரிசையைக் கொண்டு பிரிக்கப்பட்ட மேற்பரப்பு நீர் பாக்டீரியா வகைகளுள், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் கண்டவற்றில் 78 சதவீதமும், ஆர்க்டிக்கில் கண்டவற்றில் 70 சதவீதமும் மற்றத் துருவத்தில் காணப்படவில்லை. ஆழ்கடலில் மட்டும் இந்த வேறுபாடு குறைவு. அடியில் மெல்ல நகரும் நீரோட்டம் பெருங்கடல்களை இணைப்பதே அதற்குக் காரணமாகலாம்.

இதில் வியப்பில்லை என்றே நான் கருதுகிறேன். ஆர்க்டிக் கடலை நிலம் சூழ்ந்திருக்கிறது. லேனா, ஓப், யெனிசெய் ஆறுகள் நன்னீரையும் மண்ணின் கரிமப் பொருள்களையும் அதில் கொண்டுவந்து சேர்க்கின்றன. தெற்கிலோ கண்டத்தைக் கடல் சூழ்ந்திருக்கிறது. பேராறு ஒன்றும் இல்லை, இரும்புச்சத்தும் பல இடங்களில் அரிது. குளிர் ஒன்றே ஆனாலும் கிடைக்கும் உணவு வேறு.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் சேராமல் வெளித்தள்ளப்பட்டு, மயிரிழை போன்ற கால்வாய்களில் அடர்ந்த உவர்நீராகத் தேங்குகிறது. பாக்டீரியாவின் குடியிருப்பு அதுவே. கோல்வெல்லியா என்னும் ஆர்க்டிக் பாக்டீரியா மைனஸ் 10 டிகிரி செல்சியஸிலும் நீந்துவதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். கடற்பனியில் வாழும் ஆக்டாடெகாபாக்டர் என்னும் பாக்டீரியாப் பேரினத்தில் வடக்கில் ஓர் இனமும் தெற்கில் ஓர் இனமும் உண்டு. அடையாளம் காணப் பயன்படும் மரபணுத் துண்டு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. முழு டிஎன்ஏவை ஒப்பிட்டபோதுதான் அவை தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது. ஆகவே, துண்டுகளை மட்டும் படித்து நாம் போடும் கணக்கு உண்மையான பன்மையைக் குறைத்தே காட்டும்.

கப்பல்கள் எளிதில் சென்றுவரக்கூடிய கோடையில்தான் நீர் மாதிரிகள் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. ஜெர்மனியின் போலார்ஷ்டெர்ன் ஆய்வுக் கப்பல் 2019 இலையுதிர் காலம் முதல் ஓராண்டு ஆர்க்டிக் பனியோடு மிதந்து ஆய்வு செய்ததுபோல், குளிர்கால ஆய்வுகள் இரு துருவங்களிலும் தொடர்ந்து நடக்க வேண்டும். பல்லாண்டுப் பனி கரைந்துபோன பின், அதற்குள் எவை வாழ்ந்தன என்று அறிய வழியில்லை. துருவங்களைப் பற்றித் தாங்கள் அடுத்து வெளியிடும் கட்டுரையில் இந்த உயிர்களுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்