கல்லூரி பார்க்கப் புறப்படும் முன்

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பிள்ளைகளைக் காரில் அழைத்துக்கொண்டு நாலைந்து கல்லூரிகளைப் பார்த்துவர உங்களில் பலர் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள். விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுச் சிலர் அலுவலகத்துக்கே வந்தீர்கள். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன்: வேலை நாளிலேயே போய் வாருங்கள், அனுமதி தருகிறோம். விடுமுறையில் போனால் கட்டடத்தையும் மரங்களையும் பார்த்துத் திரும்பலாம், அவ்வளவுதான். ஆசிரியர் நேரத்துக்கு வகுப்புக்கு வருகிறாரா, நூலகத்தில் உட்கார இடம் கிடைக்கிறதா, இடைவேளையில் மாணவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதெல்லாம் பாடம் நடக்கும் நாளில்தான் தெரியும். அங்கே பருவத் தேர்வு நடக்கும் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். யாருக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்காது.

எந்த நாளில் வரலாம் என்று சேர்க்கை அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடாத கல்லூரிகள் உண்டு. கேட்கும்போதே, பிள்ளை விரும்பும் துறையில் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். இந்த அழைப்பைப் பிள்ளையே செய்யட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு கல்லூரி போதும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டு. அதற்கு மேல் போனால் எந்த ஆய்வகம் எந்தக் கல்லூரியில் இருந்தது என்பதே இரவில் குழம்பிவிடும். பிள்ளை மிகவும் ஆசைப்படும் கல்லூரியை முதலாவதாக வைக்காதீர்கள். வேறு ஒன்றிரண்டைப் பார்த்த கண்ணோடு அங்கே போனால்தான் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியும். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று, சிறிய கல்லூரி ஒன்று என்று கலந்து வைத்தால், எப்படிப்பட்ட இடம் தனக்கு ஒத்துவரும் என்பதும் பிள்ளைக்குப் புரியும்.

வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இரவெல்லாம் ஓட்டி விடியும்போது போய்ச் சேரலாம் என்ற திட்டம் வேண்டவே வேண்டாம். நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரையிலும், பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரையிலும் உடல் தானாகவே தூக்கத்துக்கு ஏங்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் அசந்தால், வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் ஓட்டுநர் இல்லாமலே ஓடியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். கண் சொக்கினால் ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15, 20 நிமிடம் தூங்கிவிடுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டுப் போடுவதும் தூக்கத்தை விரட்டாது. டயரில் காற்றைக் கிளம்பும் முன், டயர் சூடேறாதபோது பாருங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின் இருக்கையில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போட வேண்டும்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே: பிள்ளையை முன்னே விட்டுவிட்டு நீங்கள் பின்னால் நடங்கள். சுற்றிக்காட்டுபவர் பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்கு அம்மாவோ அப்பாவோ பதில் சொல்லத் தொடங்கினால், அதன்பின் பிள்ளை வாயே திறக்காது. அரை மணி நேரமாவது அங்குள்ள மாணவர்களோடு தனியாகப் பேச விடுங்கள். உங்களை வைத்துக்கொண்டு கேட்க முடியாத கேள்விகள் அவர்களுக்கு இருக்கும். ராகிங் பற்றி, தனிமை பற்றி, துறை பிடிக்காமல் போனால் மாற முடியுமா என்பது பற்றி. ஆய்வகத்தில் பளபளக்கும் கருவியைக் காட்டினால், "நீங்கள் இதைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்?" என்று ஒரு மாணவரைக் கேட்கச் சொல்லுங்கள். விடுதிக்கு இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், அந்த விதி ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் ஒன்றுதானா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். மகள் கேட்கத் தயங்கினால் அங்கே மட்டும் நீங்கள் கேளுங்கள்.

வேலைவாய்ப்புப் பலகையில் எழுதியிருக்கும் சராசரிச் சம்பளத்தைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். ஒன்பது பேருக்கு ஒரே சம்பளம், பத்தாமவருக்கு மட்டும் அதைப்போல் பதினொரு மடங்கு என்று வையுங்கள். சராசரி இரட்டிப்பாகிவிடும், ஆனால் அந்தச் சராசரித் தொகை பத்துப் பேரில் ஒருவர் கைக்கும் வராது. எல்லாச் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் துறையில் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்றும் கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்லும் கல்லூரியை நான் மதிப்பேன்.

பணத்தைப் பற்றி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். குடும்பத்தால் எவ்வளவு முடியும், எவ்வளவுக்குக் கல்விக்கடன் வாங்க வேண்டியிருக்கும், உதவித்தொகை கிடைத்தால்தான் சேர முடியும் என்ற கல்லூரி எது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். வளாகத்தை நேரில் பார்த்து மனம் ஒன்றிய பிறகு "இது நமக்குக் கட்டாது" என்று கேட்பது பதினேழு வயதில் பெரிய வலி. அதை நீங்கள் நினைத்தால் தவிர்க்கலாம்.

காரில் திரும்பி ஏறியதும் "பிடித்ததா, இல்லையா?" என்று கேட்காதீர்கள். உங்கள் கருத்தையும் அப்போதே சொல்லாதீர்கள். அன்றிரவே பிள்ளை தன் கைப்பட ஒரு பக்கம் எழுதட்டும். அதன்பின் பேசுங்கள்.

கார் இல்லாதவர்களும், விடுப்பு எடுக்க முடியாதவர்களும் இதனால் மனம் சோர வேண்டாம். ஒரே கல்லூரியைப் பார்க்க விரும்பும் குடும்பங்கள் சேர்ந்து போகலாம். பெயர் கொடுத்தால் நாங்களே உங்களை அறிமுகப்படுத்துகிறோம். நம் பள்ளியில் படித்து இப்போது கல்லூரிகளில் இருக்கும் மாணவர்களோடு பேசவும் ஏற்பாடு செய்து தருகிறோம்.

விடுப்புக் கடிதம் ஒரு வாரம் முன்னதாக வகுப்பாசிரியரிடம் வர வேண்டும். போகும் கல்லூரிகளின் பெயர்களை அதில் எழுதுங்கள். ஒரு மாணவருக்கு இரண்டு வேலை நாட்கள் வரை அனுமதி. செய்முறைத் தேர்வு நாட்களுக்கு இது பொருந்தாது. விட்டுப்போன பாடங்களைத் திரும்பி வந்த வாரத்திலேயே ஆசிரியர்கள் பள்ளி முடிந்தபின் நடத்தித் தருவார்கள், அவர்களிடம் பேசிவிட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்