புது ராக்கெட்டை உன் ஆட்டத்துக்குத் திருத்து

கோயம்புத்தூர்
அக்டோபர் 12

அன்புள்ள யாழினிக்கு,

போனில் நீ சொன்னதையே இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி அணிக்குக் கொடுத்த புது டென்னிஸ் ராக்கெட்டில் ஃபோர்ஹேண்ட் பறக்கிறது. ஆனால் வேகமான செர்வைத் திருப்பும்போது ராக்கெட் கைக்குள்ளேயே திரும்பிக்கொள்கிறது, பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி அடிக்கும் பேக்ஹேண்ட் ஸ்லைஸ் தாழ்ந்து போகாமல் மிதக்கிறது, மூன்றாவது செட் வந்தால் முழங்கை கனக்கிறது என்றாய். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று உங்கள் கோச் சொன்னாராம். நேரம் தள்ளி அடிப்பது பழக்கத்தில் சரியாகும். ராக்கெட் கைக்குள் திரும்புவது பழக்கத்தில் சரியாகாது கண்ணு. அதற்கு ராக்கெட்டில்தான் வேலை செய்யவேண்டும். பேச்சில் சொன்னால் கணக்கெல்லாம் மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் ஆட்டம் எது என்பதில் தெளிவாக இரு. பேஸ்லைனுக்குப் பின்னால் நின்று முழுக்கையையும் சுழற்றி டாப்ஸ்பின் அடிக்கிறவள் இல்லை நீ. பந்து எழும்போதே எடுக்கிறாய், எதிராளியின் வேகத்தையே திருப்பி அனுப்புகிறாய், வாய்ப்புக் கிடைத்தால் நெட்டுக்கு ஓடுகிறாய். நம் ரமேஷ் கிருஷ்ணனின் வழி அது. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் உலக நம்பர் ஒன் வைலாண்டரை அவர் வீழ்த்தினாரே, அந்த ஆட்டத்தில் பலமான அடி என்று பெரிதாக ஒன்றுமே கிடையாது. வந்த பந்தைச் சரியான இடத்தில் சந்தித்தார், அவ்வளவுதான். இப்படி ஆடுகிறவர்கள் கையை அதிகம் வீசுவதில்லை. அதனால் பந்தோடு மோதும் நேரத்தில் ராக்கெட் தானாக அசையாமல் நிற்கவேண்டும். உன் புது ராக்கெட் வேகமாக வீசுகிறவர்களுக்காகச் செய்தது. அது மோசமான ராக்கெட் இல்லை. உனக்கென்று இன்னும் ஆகவில்லை.

உன் பழைய ராக்கெட்டின் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. ஸ்ட்ரிங், பிடிமேல் சுற்றும் மெல்லிய ஓவர்கிரிப் எல்லாம் சேர்த்து எடை 336 கிராம். பேலன்ஸ், அதாவது ராக்கெட் சாயாமல் நிற்கும் இடம், அடிமுனையிலிருந்து 32.2 செ.மீ. ஸ்விங்வெயிட் 326. புது ராக்கெட்டை உங்கள் ஸ்ட்ரிங்கிங் அறை மெஷினில் வைத்து நீ அனுப்பியது 321 கிராம், 32.7 செ.மீ., 317. வித்தியாசம் 15 கிராம் என்பதைப் பார்த்துவிட்டு எங்கேயாவது 15 கிராம் ஒட்டிவிடாதே. எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஸ்விங்வெயிட் என்பது தராசில் தெரிகிற எடை இல்லை. பிடியில் அடியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஓர் அச்சு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ராக்கெட்டை வீச எவ்வளவு சிரமம் என்று சொல்லும் எண். சுத்தியலைப் பிடியில் பிடித்து ஆட்டுவதற்கும் தலைகீழாகப் பிடித்து ஆட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எடை என்னவோ ஒன்றுதான். அச்சிலிருந்து தூரம் கூடக்கூட அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எண் ஏறும். அதனால் 15 கிராமையும் ராக்கெட்டின் உச்சியில், அதாவது கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில் ஒட்டினால் ஸ்விங்வெயிட் கிட்டத்தட்ட 50 ஏறி 367-க்குப் போய்விடும். உன்னால் ஒரு செட் கூட செர்வ் போடமுடியாது. அதே 15 கிராமைப் பிடியின் அடிமுனையில் வைத்தால் ஒன்றோ இரண்டோதான் ஏறும், வீசும்போது தெரியவே தெரியாது.

உனக்கு நான் போட்ட கணக்கு இது. 3 மணி, 9 மணி இடங்களில் பக்கத்துக்கு 2 கிராம், ஆக 4 கிராம் ஈய டேப். இது இரண்டு வேலை செய்யும். ஸ்விங்வெயிட் ஏழெட்டு ஏறும். அதைவிட முக்கியம், எடை ஓரங்களில் உட்காருவதால் பந்து நடுவில் படாதபோது ராக்கெட் திரும்பிக்கொள்வது குறையும். உன் ரிட்டர்னுக்கு வேண்டியது இதுதான். அப்புறம், இப்போதுள்ள சிந்தெடிக் கிரிப்பை உரித்துவிட்டு லெதர் கிரிப் சுற்றினால் பிடியில் சுமார் 10 கிராம் கூடும். இரண்டும் சேர்ந்தால் 335 கிராம், 32.2 செ.மீ., ஸ்விங்வெயிட் ஏறக்குறைய 325. பழைய ராக்கெட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தால் போதும்.

ஆனால் இரண்டையும் ஒரே நாளில் செய்யாதே. முதலில் ஈய டேப் மட்டும். அப்போது பேலன்ஸ் 33 செ.மீ. வரை மேலே ஏறும், தலை கனப்பதுபோல் இருக்கும். அதைக் கண்டு பயந்து டேப்பை உரித்துவிடாதே, நாலைந்து நாள் ஆடு. ரிட்டர்ன் நிலைத்ததா என்பதை மட்டும் கவனி. அதன்பிறகு லெதர் கிரிப்பை மாற்று. தலை கனம் இறங்கும், பிடியின் எட்டுப் பட்டை விளிம்புகளும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். ஃபோர்ஹேண்ட் பிடியிலிருந்து ஸ்லைஸ் பிடிக்கு நீ மாறும்போது அந்த விளிம்பு உனக்கு நிறைய உதவும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

ஒட்டுவது பெரிய வேலை இல்லை. கால் அங்குல அகல டேப்பில் 10 செ.மீ. நீளம் ஏறக்குறைய 1 கிராம். பக்கத்துக்கு இரண்டு துண்டு, ஸ்ட்ரிங்குக்கு இந்தப்புறம் ஒன்று, அந்தப்புறம் ஒன்று, வளையத்தின் உள்பக்கமாக. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு ஒட்டு. நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்திக்கொண்டே போ, சுருக்கம் விழுந்தால் பிறகு உரியும். மேலே எலக்ட்ரிக்கல் டேப் சுற்றிவிடு. ஈயம் நல்லதில்லை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, அதுவரை எதையும் வாயில் வைக்காதே. டங்ஸ்டன் டேப்பும் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் பயமில்லாமல் தொடலாம். அது கிடைத்தால் அதையே வாங்கு, காசு நான் போட்டுவிடுகிறேன். எந்த டேப்பாக இருந்தாலும் சின்னத் தராசில் நிறுத்துவிட்டே ஒட்டு.

பெரிய ஆட்டக்காரர்களின் எண்களைப் படித்துவிட்டு அப்படியே வைக்கும் பழக்கம் உங்கள் அணியில் இருப்பதாகச் சொன்னாய். வேண்டாம். ஃபெடரர் பெயரில் விற்ற ராக்கெட் ஸ்ட்ரிங் இல்லாமலே 340 கிராம். சாம்ப்ராஸ் கடைசிவரை 85 சதுர அங்குலத் தலையோடு, ஈயம் ஏற்றிய ராக்கெட்டில்தான் ஆடினார். அவர்கள் உடம்பு வேறு, அடி வேறு. அதுமட்டுமில்லை, புது மாடலின் பெயின்ட்டைப் பழைய ஃபிரேம் மேல் பூசி ஆடுகிறவர்கள் டூரில் நிறையப்பேர். டிவியில் தெரிகிற ராக்கெட்டும் கடையில் தொங்குகிற ராக்கெட்டும் ஒன்றென்று நம்பமுடியாது.

ஃபெடரரிடம் கற்க வேண்டியது எண்ணை இல்லை, அவருடைய பொறுமையை. 2013 விம்பிள்டனில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றபிறகு, 90 சதுர அங்குல ராக்கெட்டை விட்டு 98-ஐ எடுத்துக்கொண்டு ஹாம்பர்க்கிலும் ஸ்டாடிலும் ஆடினார். ஹாம்பர்க்கில் டெல்போனிஸிடம், ஸ்டாடில் டேனியல் பிராண்ட்ஸிடம் தோல்வி. முதுகு வலி வேறு. உடனே பழைய 90-க்கே திரும்பி அந்த சீசனை முடித்தார். ஆனால் பெரிய தலை வேண்டும் என்ற யோசனையைக் கைவிடவில்லை. போட்டி இல்லாத மாதங்களில் உட்கார்ந்து சோதித்து, 2014-இல் 97-உடன் வந்தார். அதை வைத்துத்தான் 2017 ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். யோசனை சரிதான், ஆனால் போட்டிகளுக்கு நடுவே பழக்கிக்கொள்ள முடியவில்லை. உனக்கும் ஜனவரியில் கல்லூரிக்குக் கல்லூரி மோதும் டூயல் மேட்ச் தொடங்கிவிடும். நவம்பர் முடிவதற்குள் ராக்கெட் வேலையை முடி. அதன்பின் மே வரை ஸ்ட்ரிங், ஓவர்கிரிப் தவிர எதிலும் கை வைக்காதே.

ஸ்ட்ரிங் பற்றி. முழங்கை கனப்பதற்கு எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். அணியில் எல்லாருக்கும் ஒரே முழு பாலியெஸ்டரை 54 பவுண்டு இழுப்பில் கட்டுகிறார்கள் என்றாய். கூர்ட்டன் 1997-இல் பாலியெஸ்டரோடு பிரெஞ்சு ஓப்பனை வென்றதிலிருந்து உலகமே அதன் பின்னால் போனது. வேகமாக வீசுகிறவர்களுக்கு அது வரம். உன்னைப்போல் மோதவிட்டு ஆடுகிறவளுக்கு அந்த விறைப்பு கையில்தான் இறங்கும். நெடுக்கில் பாலியெஸ்டர் வை, குறுக்கில் மெல்லிய இழைகள் பல சேர்ந்த மல்டிஃபிலமென்ட் கட்டச்சொல், 50 பவுண்டில். மிச்சிகன் குளிரில் ஸ்ட்ரிங் இன்னும் விறைக்கும், பந்தும் எழும்பாது, அதனால் இங்கே கட்டியதைவிடக் குறைத்தே கட்டவேண்டும். பாலியெஸ்டர் அறுந்தால்தான் மாற்றுவது என்றிருக்காதே. அறுவதற்கு ரொம்ப முன்னாலேயே அது செத்துப்போகும், பந்து எங்கே போகிறது என்று உனக்கே தெரியாமல் போகும். ஓவர்கிரிப்பும் மாற்றவேண்டும். நீ இங்கிருந்து எடுத்துப்போன நீலக் கிரிப் வியர்வை பட்டால்தான் பிடிக்கும், நம் ஊர் வெயிலுக்கு அது சரி. ஹீட்டர் போட்ட இண்டோர் கோர்ட்டில் கை காய்ந்திருக்கும், அங்கே வழுக்கும். ஒட்டும் தன்மையுள்ளதாக வாங்கு.

இனி சோதிப்பது. புது ராக்கெட்டோடு முதல் அரைமணி நேரம் எல்லாருக்குமே நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் அப்போது கவனம் முழுக்கப் பந்திலேயே இருக்கும். அதை நம்பாதே. ஒரு ராக்கெட்டைத் திருத்து, இன்னொன்றை அப்படியே விடு. திருத்தாததிலும் 3 மணி, 9 மணி இடத்தில் வெறும் எலக்ட்ரிக்கல் டேப்பைச் சுற்று. இரண்டிலும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே ஓவர்கிரிப். எது எது என்று சொல்லாமல் தோழி ஒருத்தியை மாற்றி மாற்றிக் கையில் கொடுக்கச்சொல். அப்போதுதான் உன் கை சொல்வது என்ன என்று தெரியும்.

ராலி அடித்துப் பார்த்து முடிவு செய்யாதே. உங்கள் அணியிலேயே வேகமான செர்வ் யாருடையதோ அவளை உடம்பைக் குறிவைத்து செர்வ் போடச்சொல். செர்வீஸ் லைனுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே ஒரு கோன் வை, ரிட்டர்ன் அதைத் தாண்டி விழுகிறதா என்று பக்கத்தில் நிற்பவள் குறிக்கட்டும். கல்லூரி ஆட்டத்தில் டியூஸ், அதாவது 40-40, வந்தால் ஒரே புள்ளிதான், எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் செய்பவளே தேர்ந்தெடுக்கிறாள். உன் மேட்ச்கள் அந்தப் புள்ளியில்தான் முடிவாகும், அதனால் இந்தச் சோதனைக்கு அதிக நேரம் கொடு. அடுத்து தாழ்ந்த வாலி, நெட்டுக்கு ஓடிவந்து காலடியில் எடுப்பது. பிறகு ஸ்லைஸ். செர்வைக் கடைசியில், நன்றாகக் களைத்தபிறகு பார். அன்றைய பயிற்சியெல்லாம் முடிந்து கால் கெஞ்சும் நேரத்தில் ஒரு செட் ஆடு. தோளில் சோர்வு வந்து செர்வுக்குப் பந்தை மேலே போட்டபிறகு ராக்கெட் பின்தங்கிவிடுகிறது என்றால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக்கு அரை கிராம் எடுத்துவிடு. எந்தக் கணக்கைவிடவும் அந்த நேரத்தில் உன் தோள் சொல்வதே பெரிது. என் 325-ஐக் காப்பாற்றவேண்டும் என்று ஆடாதே.

ஒன்று சரியானதும் மூன்று ராக்கெட்டையும் ஒன்றுபோல் ஆக்கவேண்டும். ஒரே மாடல், ஒரே கடை என்றாலும் எடையில் சில கிராம் முன்பின் இருக்கும். கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. அதனால் மூன்றில் கனமானதை அளவாக வைத்து மற்றவற்றை அதற்குக் கொண்டுவரவேண்டும். ஒரு ராக்கெட்டில் ஸ்ட்ரிங் அறுந்து அடுத்ததை எடுக்கும்போது கைக்கு வித்தியாசமே தெரியக்கூடாது.

லெதர் கிரிப் மூன்று அப்பா வாங்கி வைத்திருக்கிறார், திங்கட்கிழமை பார்சல் போடுகிறோம். சுற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நிறுத்து, உரித்தெடுத்த பழைய கிரிப்பையும் நிறுத்து, இரண்டும் எனக்கு வேண்டும். மூன்று ராக்கெட்டின் எடையையும் பேலன்ஸையும் தனித்தனியாக எழுதி அனுப்பு. பேலன்ஸுக்கு மெஷின் வேண்டியதில்லை, மேசை விளிம்பில் ஒரு ஸ்கேலை நிறுத்தி அதன்மேல் ராக்கெட்டை வைத்து, சாயாமல் நிற்கும் இடத்தை அடிமுனையிலிருந்து டேப் வைத்து அளந்தால் போதும். எதில் எத்தனை கிராம், எந்த இடத்தில் என்று நான் போட்டுத் தருகிறேன்.

முழங்கையை இந்த வாரமே ட்ரெய்னரிடம் காட்டு. வலி வெளிப்பக்கமா உள்பக்கமா, கைப்பிடி இறுக்கும்போது வருகிறதா, காப்பி டம்ளரைத் தூக்கும்போதும் வருகிறதா என்று கேட்பார், பார்த்துச் சொல். அவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் பண்ணு.

அன்புடன்
அம்மா