சேர்க்கைப் பதிவேடுதான் எங்கள் ஊரின் கல்வெட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர் வரலாறு என்றாலே சோழர் கல்வெட்டு, செப்பேடு, தலபுராணம் என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஊர்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நான் வளர்ந்து, படித்து, பிறகு முப்பத்துநாலு வருடம் பாடம் நடத்திய ஊர் அப்படிப்பட்டது. நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில், காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட சரிவில் இருக்கிறது. அலுவலக ஏட்டில் வெகுநாள் வரை அது ஒரு எண் மட்டுமே.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவானது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரண்டு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கள் குடும்பம் 1971-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியது. எனக்கு ஏழு வயது. மண்டபம் முகாமில் தங்கவைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பூட்டன் அக்கரைக்குப் போகும்போது நோய் பார்க்க நிறுத்திவைத்த அதே முகாம் என்று அப்பாயி சொல்லிச் சொல்லி அழுததை மறக்க முடியவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் வனத்துறை தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், எங்கள் வாயில் டேன்டீ. நாங்கள் வந்தபோது வரிசையாக லயங்கள் என்ற தொழிலாளர் வீடுகள் இருந்தன, ஓடையில் தண்ணீர் இருந்தது, இரத்தம் உறிஞ்சும் அட்டை இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை. பெற்றவர்கள் விடிகாலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டால் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எங்கள் பெரிய மாமா, இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர். காலில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்த மாமாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், நிறுவை இல்லாத நேரத்தில், சிலேட்டு இல்லாமலே அவர் எங்களுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருடம் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மூங்கில் வெட்டி, மண் குழைத்து ஒரு கொட்டகை போட்டார்கள். பிறகுதான் மனுக்கொடுத்து அலைந்து ஓராசிரியர் பள்ளிக்கு அனுமதி வாங்கினார்கள். அரசு பள்ளி தந்தது என்று ஆவணம் சொல்லும். கொட்டகை முதலில் வந்தது என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

முதல் சேர்க்கைப் பதிவேடு 1972-இல் தொடங்குகிறது. அதில் பதினான்காவது பெயர் என்னுடையது. சமவெளியிலிருந்து வந்த எங்கள் முதல் வாத்தியார் ஒரு காரியம் செய்தார். பிறந்த தேதியை அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதியதோடு விடாமல், ‘குறிப்பு’ என்ற பத்தியில் ஒவ்வொரு பிள்ளையும் எந்தத் தோட்டத்தில் பிறந்தது என்பதையும் பொடி எழுத்தில் எழுதிவைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. மஸ்கெலியா, தலவாக்கலை, பண்டாரவளை, இறக்குவானை என்று ஊர்ப்பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. 1974-இல் வந்த பிள்ளைகள் பலர் வயதுக்குக் கீழான வகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடிய காலம் அது. பள்ளிக்கு எங்கே போயிருப்பார்கள்? அதே பக்கத்தில் பணியர் என்ற பழங்குடியினர் குடியிருப்புப் பிள்ளைகள் மூவரின் பெயரும் இருக்கிறது. நாங்கள் வருமுன்பே அந்தக் காடு அவர்களுக்கு ஊராக இருந்தது. நாங்கள் ஊரை உண்டாக்கினோம் என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பெயர்களும் நினைவுக்கு வரும்.

1976 ஜூனில் சேர்ந்த ஒரு பெண்குழந்தைக்குக் குறிப்புப் பத்தி வெறுமையாக இருக்கிறது. இங்கேயே பிறந்தவள் அவள். நான் ஆசிரியையாகத் திரும்பி வந்தபின் எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

இந்த ஏடு வெறும் நினைவுப்பொருள் அல்ல. பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடங்களில் ‘உங்கள் பூர்வீகம் எது’ என்று கேட்டு அலைக்கழித்தபோது, பழைய பதிவேட்டின் நகல்தான் பலருக்குக் கைகொடுத்தது. பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் மழையில் நைந்துபோன வீடுகளுக்கு வேறு ஆதாரமே கிடையாது.

இப்போது அவசரம் வந்துவிட்டது. நட்டத்தில் ஓடிய டேன்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தர 2022-இல் அரசு முடிவெடுத்தது. காடு காடாகட்டும், யானைக்கும் வழி வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இளையவர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்த பள்ளியில் ஓய்வுபெறும்போது பதினோரு பேர். வேறு பள்ளியோடு இணைப்பு என்ற பேச்சு அடிபடுகிறது. ஒரு கிலோமீட்டரில் அடுத்த பள்ளி இருக்கிறது என்று வரைபடம் காட்டுகிறது. அந்த ஒரு கிலோமீட்டரில் காலை எட்டு மணிக்கும் யானை நிற்கும் என்பதை நடந்து பார்த்தவர்களே அறிவார்கள். பிள்ளைகள் இருக்கும்வரை பள்ளி அங்கேயே இருக்கட்டும்.

பள்ளிகளை மூடினாலும் இணைத்தாலும், கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறைப் பகுதிகளில் தாயகம் திரும்பியோர் குடியிருப்புப் பள்ளிகளின் பழைய பதிவேடுகளைக் கட்டுக்கட்டி ஒரு மூலையில் போட்டுவிடாமல், படியெடுத்து மாவட்ட ஆவணமாக வைக்கக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நிருபர் ஒருவர் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். முப்பது வயதில் கப்பலேறியவர்களுக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. எங்கள் லயத்தில் அப்படி நான்கு பேர்தான் மிச்சம். மழை தொடங்குவதற்குள் வந்தால் நல்லது. பதிவேடு வைத்திருக்கும் அலமாரிக்கு மேலே கூரை ஒழுகுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.